எந்தக் கோளாறை முதலில் சரிசெய்வது? மூல காரணங்களை ரூபாய்க் கணக்கில் வரிசைப்படுத்தும் வழி

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலை, கடலூர் சிப்காட்டில் சிறு யூனிட், புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலோ சேதராப்பட்டிலோ ஒரு பட்டறை: எதை நடத்தினாலும் சனிக்கிழமைப் பேச்சு ஒன்றுதான். சூப்பர்வைசர் ஆள் வருவதில்லை என்பார். கணக்குப்பிள்ளை வசூல் ஆகவில்லை என்பார். முதலாளி கரன்ட் கட்டைத் திட்டுவார். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்ன கோளாறுக்குப் பணம் போகும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் லாபம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தக் கட்டுரை அதற்கு மாற்று. ஒவ்வொரு கோளாறும் மாதம் எத்தனை ரூபாயைத் தின்கிறது, அதன் அடியில் இருக்கும் காரணம் எது, எதைத் தொட்டால் முதலில் பணம் திரும்பும் என்று கணக்குப் போட்டு வரிசை வைக்கும் முறை. விளக்குவதற்கு நாளைக்கு 1 டன் கொட்டை உடைக்கும் ஒரு முந்திரி யூனிட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை, 25,000 கிலோ கொட்டை, சுமார் 6,000 கிலோ பருப்பு. விலைகளும் அளவுகளும் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. உங்கள் கணக்கில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.

ஆகும் காலம் ஐந்து வாரம். ஆகும் செலவு ஒரு நல்ல எடைத்தராசு, இரண்டு நோட்டு, ஒரு ஆளின் தினசரி அரை மணி நேரம். தராசு ஏற்கெனவே இருந்தால் பணச் செலவு ஆயிரத்தைத் தாண்டாது.

1. காகிதங்களைத் திரட்டுங்கள் (முதல் வாரம்)

வேண்டியவை: கொள்முதல் பில்களும் எடைமேடைச் சீட்டுகளும், தினசரி உற்பத்தி நோட்டு, கிரேடு வாரியாகப் பருப்பு எடை, கூலி ரிஜிஸ்டர், திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட்டுகள், டாலி கணக்கு மென்பொருளில் எடுக்கும் பாக்கிப் பட்டியல் (பில் தேதி வாரியாக), மின்கட்டண ரசீது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில்.

கடைசி மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது. போன வருடத்தின் அதே மூன்று மாதங்களையும் எடுங்கள். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் ஏறினால் பருப்பும் ஈரம் இழுக்கும். நவம்பர் உடைசலை ஏப்ரல் உடைசலோடு ஒப்பிட்டு ‘மேஸ்திரி மாறியதால்தான்’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. நவம்பரை நவம்பரோடு ஒப்பிடுங்கள்.

புயல் வாரங்களைத் தனியே எடுத்து வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். அந்த நாட்களின் எண்களைச் சராசரியில் கலந்தால் மொத்தக் கணக்கும் கோணலாகும்.

உற்பத்தி நோட்டே எழுதுவதில்லை என்றால் பழையதை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். இன்று தொடங்கி மூன்று வாரம் எழுதுங்கள். அரைகுறை ஞாபகத்தைவிடச் சரியாக எழுதிய மூன்று வாரம் மேல்.

2. கோளாறை ஒரே வரியில் எழுதுங்கள்

என்ன, எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து. இந்த நான்கும் வரியில் இருக்க வேண்டும். இரண்டு விஷயம் இருக்கக் கூடாது: காரணம், ஆள் பெயர்.

‘லேபர் சரியில்லை’ என்பது கோளாறு அல்ல, கோபம். ‘ஆகஸ்ட் முதல் முழுப் பருப்பு நூற்றுக்கு 80லிருந்து 72 ஆகிவிட்டது’ என்பது கோளாறு. ‘கரன்ட் பிரச்சினை’ என்று எழுதாமல் ‘மாதம் 15 மணி நேரம் ஜெனரேட்டரில் ஓடுகிறது’ என்று எழுதுங்கள்.

ஐந்து முதல் எட்டு வரி வந்தால் போதும். இருபது வந்தால் அதில் பாதி ஒன்றின் வால் இன்னொன்று. நம் யூனிட்டில் ஐந்து என்று வைப்போம்: உடைசல், கொட்டையில் பருப்புக் குறைவு, சரக்கு திரும்புவது, வசூல் தாமதம், ஜெனரேட்டர்.

3. ஒவ்வொன்றையும் மாத ரூபாயாக மாற்றுங்கள் (இரண்டாம் வாரம்)

எத்தனை தடவை நடந்தது என்று எண்ணுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை ஏமாற்றும். புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்துபவருக்கு இது சட்டென்று புரியும். வாரநாளில் வந்த பத்து ‘வைஃபை மெதுவாக இருக்கிறது’ புகாரைவிட, சனிக்கிழமை இரவு ஏசி பழுதால் கொடுக்க முடியாமல் போன ஒரே ஒரு அறை அதிகப் பணத்தைக் கொண்டுபோயிருக்கும்.

முந்திரி யூனிட்டுக்கு வருவோம்.

*உடைசல்.* முழுப் பருப்பு 8 புள்ளி குறைந்தது. 6,000 கிலோவில் 8 சதவீதம் 480 கிலோ. அது குப்பைக்குப் போகவில்லை, ஸ்பிளிட்டாகவும் (இரண்டாகப் பிளந்த பருப்பு) துண்டாகவும் விற்கிறது. ஆகவே நட்டம் முழு விலை அல்ல, விலை வித்தியாசம் மட்டும். கிலோவுக்கு ரூ.200 வித்தியாசம் என்றால் மாதம் ரூ.96,000.

*பருப்புக் குறைவு.* வியாபாரத்தில் கொட்டையின் தரத்தை 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று சொல்வார்கள். 48 பவுண்டு என்று வாங்கியது 46தான் வந்தது என்றால் மூட்டைக்கு 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் குறைவு. இது தோலோடு உள்ள எடை. தோலும் ஈரமும் போனால் 800 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 312 மூட்டைக்கு 250 கிலோ, கிலோ சராசரி ரூ.650 வீதம் ரூ.1,62,500.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கொட்டை மலிவாக வந்ததா என்று கொள்முதல் பில்லைப் பாருங்கள். கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்து வாங்கியிருந்தால் 25,000 கிலோவுக்கு ரூ.75,000 ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. கழித்தால் உண்மையான நட்டம் ரூ.87,500. கழிக்காமல் விட்டிருந்தால் இதுதான் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும்.

*சரக்கு திரும்புவது.* ஒரு தடவைக்குப் போக வர லாரி புக்கிங் ரூ.4,500, மறுபடி காயவைத்துத் தரம் பிரிக்கக் கூலி ரூ.2,000, 120 கிலோவைக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைத்து விற்றதில் ரூ.7,200. ஆக ரூ.13,700. மாதம் இரண்டு தடவை, ரூ.27,400.

*வசூல் தாமதம்.* பாக்கி முழுவதும் நட்டம் அல்ல. பேசிய கெடு தாண்டிய தொகைக்கு மட்டும், அதுவும் நீங்கள் வங்கி ஓடிக்கு (ஓவர்டிராஃப்ட் கடனுக்கு) கட்டும் வட்டி மட்டும். கெடு தாண்டியது ரூ.18 லட்சம், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் ரூ.18,000.

*ஜெனரேட்டர்.* 15 மணி நேரம், மணிக்கு 6 லிட்டர், 90 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் ரூ.8,370. அதே நேரம் கரன்ட் இருந்திருந்தால் மணிக்கு 20 யூனிட், யூனிட் 8 ரூபாய் வீதம் ரூ.2,400 கட்டியிருப்பீர்கள். வித்தியாசம் ஏறக்குறைய ரூ.6,000.

மொத்தம் ரூ.2,34,900. உடைசல் 41 சதவீதம், கொட்டை 37. இரண்டும் சேர்ந்து 78. சத்தம் போட்டுப் பேசப்பட்ட கரன்ட், மூன்று சதவீதத்துக்கும் கீழே. ‘80க்கு 20’ (நட்டத்தில் 80 சதவீதம் 20 சதவீதக் கோளாறுகளால் வருகிறது) என்று படித்துவிட்டு எண் சரியாக 80 வரவில்லையே என்று தேடாதீர்கள். பெரிய தொகையிலிருந்து சிறியதாக வரிசை வைத்தால் எங்கே தொகை சட்டென்று இறங்கித் தட்டையாகிறதோ அங்கே வெட்டுங்கள், போதும்.

இரட்டைக் கணக்கு ஒரு பெரிய கண்ணி. ஆள் வராததைத் தனிக் கோளாறாக எழுதி அதற்கு ஒரு ரூபாய் போட்டால், அதே பணம் உடைசலிலும் எண்ணப்பட்டிருக்கும். ஆள் வராதது காரணப் பக்கம் போக வேண்டியது.

4. நட்டம் எந்த மேஜையில் விழுகிறது என்று எடை போடுங்கள் (இரண்டாம், மூன்றாம் வாரம்)

காரணத்தை யோசிக்கும் முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உடைசல் முந்திரியில் மூன்று இடத்தில் விழும்: உடைப்பு, போர்மாவில் (பருப்பைக் காயவைக்கும் சூட்டறை) ஏற்றி இறக்குவது, தோல் உரிப்பு. பத்து வேலை நாள், ஒவ்வொரு இடத்திலும் மாலையில் உடைந்ததைத் தனியே எடை போட்டு எழுதுங்கள். கூடவே இரண்டு விவரம்: அன்று எந்த வியாபாரியின் கொட்டை, பருப்பு போர்மாவிலிருந்து இறங்கி எத்தனை மணி நேரம் கழித்து உரிப்புக்குப் போனது. இந்த இரண்டாவது எண்ணை யாரும் எழுதுவதே இல்லை, முடிச்சு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எடை போடும் வேலையை அந்த மேஜையின் மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள். தன் மேஜையில் உடைந்ததைக் குறைத்து எழுதுவது மனித இயல்பு. வேறு பகுதி ஆள் போடட்டும். முதல் நாளே ‘யார் கூலியிலும் கை வைக்க மாட்டோம்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சொல்லவில்லை என்றால் உடைசல் தோலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

நம் யூனிட்டில் உடைப்பில் 190 கிலோ, உரிப்பில் 290 கிலோ, போர்மாவில் சொல்லும்படி இல்லை. ரூபாயில் 38,000, 58,000.

5. ‘ஏன்’ கேளுங்கள், ஆளிடம் நிற்காதீர்கள்

உரிப்பில் ஏன் உடைகிறது? தோல் ஒட்டிக்கொள்கிறது, கத்தியால் சுரண்டுகிறார்கள், பருப்பு பிளக்கிறது. ஏன் ஒட்டுகிறது? போர்மாவில் 65 முதல் 70 டிகிரியில் ஆறேழு மணி நேரம் காய்ந்த பருப்பு, இறக்கிய பிறகு திறந்த தட்டில் இரவு முழுக்கக் கிடந்து மறுபடி ஈரம் குடித்திருக்கிறது. ஏன் கிடந்தது? மறுநாள் உரிக்க ஆள் குறைவு. ஏன் குறைவு?

இங்கே ‘நம்ம ஊர் ஆட்களே அப்படித்தான்’ என்று சொல்லத் தோன்றும். சொன்னால் ஆராய்ச்சி முடிந்தது, பலனும் முடிந்தது. கேள்வியை முதலாளி பக்கம் திருப்புங்கள்: நாளைக்கு எத்தனை பேர் உரிக்க வருவார்கள் என்று கேட்காமலே இன்று போர்மாவை ஏன் முழுதாக நிரப்பினோம்? பதில்: போர்மா ஏற்றுபவருக்கு உரிப்புக் கணக்கு தெரியாது, யாரும் சொல்வதில்லை. இது உங்கள் கையில் இருக்கும் காரணம். நாளைக்கே மாற்றக்கூடியது. அடுத்த ‘ஏன்’ உங்களால் மாற்ற முடியாத இடத்துக்குப் போனால் நின்றுவிடுங்கள்.

உடைப்பு மேஜையில் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, சிறிதும் பெரிதுமான கொட்டையை ஒன்றாக வேகவைப்பது. அளவு கலந்தால் உடைக்கும் மிஷினின் கத்தி இடைவெளி எதற்கும் பொருந்தாது. இரண்டு, ஆவியில் வெந்த கொட்டையை ஆறவிடாமல் உடைப்பது. இரவு முழுக்கப் பரப்பி ஆறவிட்டால் ஓடு இறுகும், பருப்பு ஓட்டிலிருந்து விடும்.

இனி, பேசி முடிவு செய்யாமல் சோதியுங்கள். ஒரே போர்மாத் தட்டிலிருந்து 20 கிலோ எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். பத்து கிலோவை அன்றே உரியுங்கள், மீதியை மறுநாள் மதியம் வரை திறந்து வைத்து, அதே பெண்களிடம் கொடுங்கள். முழுப் பருப்பை எடை போடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். மூன்றிலும் நல்ல வித்தியாசம் தெரிந்தால் காரணம் உறுதி. இரண்டு புள்ளிக்குள் இருந்தால் அது காரணமே இல்லை, எவ்வளவு நம்பிக்கையோடு பேசியிருந்தாலும் அடித்துவிடுங்கள். அதிகம் காய்ந்த பருப்பும் நொறுங்கும் என்பதால், ஈரப்பதமானி இருந்தால் அதில் இரண்டு பங்கையும் பார்த்து எழுதிவையுங்கள்.

6. ஒரு காரணம் எத்தனை கோளாறில் கை வைத்திருக்கிறது?

ஒரு தாளில் மேலே கோளாறுகள், பக்கத்தில் காரணங்கள். கட்டத்துக்குள் ரூபாய். டிக் அடிப்பதோ 1 முதல் 10 வரை மார்க் போடுவதோ வேண்டாம். மார்க் போட்டால் பழைய சத்தமே எண் வேடத்தில் திரும்ப வரும்.

நிரப்பும்போதுதான் உறவு தெரியும். திரும்பிய சரக்கு இரண்டில் ஒன்று டின் சீல் கசிவு, இன்னொன்று பருப்பில் ஈரம் 5 சதவீதத்தைத் தாண்டி வண்டு விழுந்தது. அந்த ஈரம் எங்கே ஏறியது? அதே திறந்த தட்டில். ஆக, ‘உரிப்புக்குக் காத்திருப்பது’ என்ற காரணத்தின் கணக்கு 58,000 அல்ல, 13,700ஐயும் சேர்த்து ரூ.71,700.

7. எவ்வளவு திரும்பும், எவ்வளவு செலவு, எப்போது தொடங்கும் (நான்காம் வாரம்)

நட்டம் முழுவதும் திரும்பி வராது. முதல் கணக்கில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். சோதனையில் அதிகம் தெரிந்தாலோ, காரணம் சந்தேகமில்லாமல் தெரிந்தாலோ மட்டும் கூட்டுங்கள்.

கட்டிங் டெஸ்ட் (மாதிரிக் கொட்டையை வெட்டிப் பருப்பை எடை போடுவது) இல்லாமல் கொட்டை வாங்குவது: நட்டம் 87,500. லாரிக்கு லாரி சோதித்தால் 60 சதவீதம், ரூ.52,500 திரும்பும் என்று வைப்போம். சின்னத் தராசும் கைக்கத்தியும் சேர்ந்து ரூ.5,000. செய்முறை: லாரியின் முன், நடு, பின் மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்து 1 கிலோ எடுங்கள். எல்லாவற்றையும் வெட்டி, நல்ல பருப்பைத் தோலோடு எடை போடுங்கள். புள்ளி விழுந்ததையும் முற்றாததையும் பாதி எடையாகக் கணக்கில் சேருங்கள். கிராமை 0.1764ஆல் பெருக்கினால் 80 கிலோவுக்கான பவுண்டு. 272 கிராம் என்றால் 48, 261 என்றால் 46. இறக்கும் முன் செய்ய வேண்டும். இறக்கிய பிறகு செய்த டெஸ்டை வைத்து எந்த வியாபாரியும் விலை குறைக்க மாட்டார்.

உரிப்புக்குக் காத்திருப்பது: 71,700இல் பாதி, ரூ.35,850. மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்களுக்கு ரூ.12,000, மாலை ஐந்து மணிக்கு உரிப்பு மேஸ்திரி போர்மாக்காரரிடம் நாளைய ஆள் எண்ணிக்கை சொல்லும் ஏற்பாடு. பத்து நாளில் போட்ட பணம் திரும்பும்.

அளவு கலந்த கொட்டை: 38,000இல் 40 சதவீதம், ரூ.15,200. சல்லடை மிஷின் விலைப்புள்ளி ரூ.1.5 லட்சம் என்றால் பத்து மாதம். அதற்கு முன் ஆறவிடும் நேரத்தைச் சரிசெய்து பாருங்கள், அது இலவசம்.

டின் சீல்: 13,700இல் 70 சதவீதம், சுமார் ரூ.9,600. சீலிங் மிஷின் சர்வீஸ் ரூ.4,000.

கரன்ட்: பேட்டரியோடு சோலார் போட ரூ.4 லட்சம் என்று யாராவது விலைப்புள்ளி கொடுத்தால், மாத நட்டம் 6,000 முழுதும் மிஞ்சினாலும் ஐந்தரை வருடம். மின்கட்டணத்தைக் குறைக்க சோலார் போடுவது வேறு கணக்கு. அதை இதோடு குழப்பாதீர்கள்.

வரிசைப்படி கட்டிங் டெஸ்ட் முதலில் வரும். ஆனால் தேதியைப் பாருங்கள். நம் பக்கத்துக் கொட்டை மார்ச் முதல் மே வரை வருகிறது. குடோனில் மூன்று மாதச் சரக்கு ஏற்கெனவே கிடந்தால் டெஸ்டின் பலன் அடுத்த கொள்முதலில்தான். ஆகவே இன்று தொடங்க வேண்டியது உரிப்பு. இரண்டாவதாக டின் சீல். தொகை சிறிது, ஆனால் ஒரு நாள் வேலை. ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் தொடாதீர்கள். மூன்றை மாற்றிவிட்டு உடைசல் குறைந்தால் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது.

8. வசூலுக்கு மட்டும் தனிக் குறிப்பு

பேசிய கெடுவை பில்லிலேயே அச்சிடுங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் வாங்குபவர் இழுக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்வது இது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம். பதிவு சரக்கு அனுப்பும் முன்பே இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ‘செய்து தருகிறோம்’ என்று பணம் கேட்கும் தளங்களிடம் மாட்டாதீர்கள்.

புகார் பதிந்தால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாதம் 18,000 வட்டியில் பெரும்பங்கு ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அவருக்கு மட்டும் அடுத்த லோடை பாதி முன்பணத்தில் அனுப்புவது சட்டத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

9. மறு எடை (ஐந்தாம் வாரமும் அதன் பிறகும்)

மாற்றம் செய்த நாளை நோட்டில் சிவப்பு மையில் குறியுங்கள். அதிலிருந்து பத்து வேலை நாள், நான்காம் படியில் செய்த அதே எடையை அதே ஆள் போடட்டும். 290 கிலோ என்று மாதக் கணக்கில் இருந்த உரிப்பு உடைசல் 150க்கு அருகே வந்தால் கணக்கு சரி, அடுத்த காரணத்துக்குப் போங்கள். 250இலேயே நின்றால் டிரம் மூடி திறந்து கிடக்கிறதா, ஐந்து மணித் தகவல் நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக நடந்தும் குறையவில்லை என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

வெளி உதவி வேண்டுமென்றால் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் (உற்பத்தியில் வீணைக் குறைக்கும்) திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. உத்யம் பதிவு அவசியம். விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். நான்காம் படி வரையிலான நோட்டோடு ஆலோசகரைச் சந்தியுங்கள். வெறுங்கையோடு போனால் முதல் மாதம் முழுக்கத் தரையில் மஞ்சள் கோடு போடுவதிலும் போர்டு மாட்டுவதிலும் கழியும்.

ரூபாய்க் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுங்கள். அதில் ஒன்று செப்டம்பர் கடைசியில் விழும்படி பார்த்துக்கொண்டால், மழைக்கு முன் டிரம்மும் ஈரப்பதமானியும் சீலிங் மிஷினும் தயாராக இருக்கும்.